ஹைடல்பெர்க் எங்கே இருக்கிறது

நசீர் கடைசியாக அனுப்பிய செய்தி ஒரே வரி. "ஹைடல்பெர்க் வந்து சேர்ந்தாச்சு சல்மா, போனை வாங்கி வெச்சுக்கிறாங்க." அதன்பிறகு ஏழு மாதமாக ஒரு தகவலும் இல்லை.

ராணுவ ஆட்சி பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் வந்த வாரமே அவன் கிளம்பினான். ஜெர்மனியில் ஓட்டல் வேலை என்று ஒரு தரகன் சொன்னதை நம்பி, தரைவழியாக எல்லை தாண்டி, பாங்காக்கில் விமானம் ஏறுவதாகத் திட்டம். மனைவி உம்மு சல்மாவிடம் மிஞ்சியது அந்த ஊர்ப் பெயர்தான்.

அவள் குடியிருந்த தாகேதா பேட்டையில் அடுத்த வீட்டு முரளிதரன் விமான டிக்கெட் போடும் கடையில் இருப்பவர். கைப்பேசியில் தேடிவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஒரு ஊர் இல்லம்மா. ஜெர்மனியில ஆத்தங்கரையில ஒண்ணு இருக்கு. அங்க பொறந்தவன், படிச்சவன்னு போன எடத்துக்கெல்லாம் அதே பேரை வெச்சிருக்காங்க. தென்னாப்பிரிக்காவுல ரெண்டு, ஆஸ்திரேலியாவுல ஒண்ணு, அமெரிக்காவுல நாலஞ்சு."

"ஜெர்மனின்னுதானே சொன்னாங்க?"

"சொன்னது தரகன்தானே."

எல்லா ஊருக்கும் எழுதினார்கள். அந்தப் பெயர் வைத்த விடுதிகள், மருந்துக்கடைகள் ஒன்றையும் விடவில்லை. ஒரு ரொட்டிக்கடைக்காரி மட்டும் பதில் போட்டாள்: இங்கே அப்படி யாரும் இல்லை, உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஒருநாள் சல்மா நகரத்துக்குள் நடந்து போகையில், அச்சகம் ஒன்றின் உள்ளே இரும்பு எந்திரத்தின் மேல் அதே எழுத்துகளைக் கண்டாள். யோசிக்காமல் உள்ளே போனாள்.

"இந்த ஊர்லேர்ந்து யாராச்சும் இங்க வருவாங்களா?"

"அது மெஷினோட பேரும்மா" என்றார் அச்சகக்காரர், குழப்பத்தோடு.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள்.

இணையத்தில் முரளிதரன் போட்டிருந்த நசீரின் படத்தைப் பார்த்து தேவராஜ் என்பவன் அழைத்தது அதற்குப் பிறகுதான். அதே நகரத்தின் இன்னொரு கோடியில், இன்சீனில் இருப்பவன். எல்லையோரத்தில் ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கும் வளாகத்திலிருந்து தப்பி வந்தவன். சல்மா நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலைப் பிடித்து அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஹைடல்பெர்க் ஊர் இல்லக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நாங்க இருந்த கட்டடத்தோட பேரு. அங்க எல்லாக் கட்டடத்துக்கும் இப்படி வெளிநாட்டுப் பேருதான். அண்ணன் எனக்கு ரெண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தாரு."

"இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"போன மாசம் வேற கும்பலுக்கு வித்துட்டாங்க."

"அந்த எடத்துக்குப் பேரு?"

"தெரியாதுக்கா."

அந்த வளாகம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். ஏழு மாதமாக அவள் கடல் கடந்து தேடியவன் இந்த நாட்டைவிட்டே போகவில்லை. போலீசில் சொல்லலாமா என்று முரளிதரனைக் கேட்டாள். பட்டாளத்துக்குப் பயந்து ஓடியவனை மீட்டுக் கொடுத்தால் எங்கே அனுப்புவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தேடுவதற்கு இப்போது ஒரு பெயர்கூட இல்லை.