சனிக்கிழமை மாத்திரை

ரெய்னோ செத்து ஒரு வருஷம் ஆகியும், சனிக்கிழமை சாயங்காலமானால் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கொல்லையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அவன் மனைவி லெம்பி, கல்லைச் சூடாக்கி ஆவியில் வியர்த்துக் குளிக்கும் சௌனாக் குடிலைப் பூட்டியே வைத்திருந்தாள். புகைபோக்கியில் பனி உறைந்து கிடந்தது. இருந்தும் கல் சீறும். பிறகு அவன் குரல்: "வாடி, சூடு பதமா இருக்கு."

அமெரிக்காவில், மிச்சிகனின் அந்த வடகோடியில் சனிக்கிழமை சௌனாவை விடுகிற ஃபின்லாந்துக்காரன் கிடையாது. இதய மாத்திரையைச் சாயங்காலம் போடச் சொன்னார் டாக்டர். ரெய்னோ போட்டான், போட்ட கையோடு மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து வெக்கையை ஏற்றினான். ரத்த அழுத்தம் சரிந்தது, ஆளும் சரிந்தான். டாக்டர் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை. யாரை நோவது?

இப்போது லெம்பிக்கும் அதே மாத்திரை, அதே சாயங்காலம். அவளுக்கு பயம் வரவில்லை, நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் பயங்கரம்! போட்டுக்கொண்டு குடிலுக்குப் போனால் அவனிடம் போய்விடலாம்.

நாத்தனார் இம்பிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"குடில் வாசல்ல புதுசா விறகு அடுக்கியிருக்கே, எதுக்கு அண்ணி? என் அண்ணன் போனது பத்தாதா? கிளம்புங்க மருந்துக்கடைக்கு!"

கடைக்காரப் பெண் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "வீட்டுல சௌனா உண்டா?"

"உண்டு."

"அப்ப காலையில போடுங்க. மாத்திரை போட்ட உடனே வெக்கையில உக்காரவே கூடாது. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை யாராவது ரெய்னோவிடம் கேட்டிருந்தால்!

சனிக்கிழமை காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இப்போதே விழுங்கினால் சாயங்காலம் அவனிடம் போக முடியாது, இங்கே இருந்தாக வேண்டும். எதிரே இம்பி ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றாள். லெம்பி விழுங்கினாள்.

இருட்டும் நேரத்தில் கல் சீறியது.

"வாடி, சூடு பதமா இருக்கு."

லெம்பி கொல்லைக் கதவைத் திறந்தாள். உடம்பெல்லாம் அந்தப் பக்கமே இழுத்தது.

"நான் காலையிலேயே போட்டுட்டேன், ரெய்னோ. வரல."

சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். கால் மரத்துப்போகும் வரை பனியில் நின்றாள். ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னொரு தடவை கூப்பிடக் கூடாதா, மனுஷா!" என்று கதறிவிட்டாள்.