நாலாம் நம்பர் பஸ் வராது

ஷிஃப்ட் முடியப்போகிற நேரம். மில்லின் கம்ப்யூட்டர் அறையில் கௌசல்யாவின் போன் ஓயாமல் அடித்தது.

"ஏத்தா, சென்னைக்கு பஸ் விடுறாகளாமே? டிக்கெட்டா, ஓசியா?"

நூற்புப் பிரிவிலிருந்து டெய்சியக்கா. பின்னால் நாலைந்து பேரின் சிரிப்பு.

"யாருக்கா சொன்னா?"

"நீதான அனுப்புன. 'இன்று பஸ் சென்னைவேலை4 வராது'ன்னு."

கௌசல்யா தான் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தாள். பஸ் ரிப்பேர் என்றால் எல்லார் போனுக்கும் செய்தி அனுப்புவது அவள் வேலை. ஃபைல்களை எழுதித் திருத்தும் எடிட்டர் புரோகிராமில் இருந்தபடியே, அனுப்பும் கட்டளையை அடித்துவிடுவாள். பஸ் கண்ணாடியில் #4 என்றுதான் எழுதியிருக்கும், செய்தியிலும் அப்படியே. ஆனால் கட்டளைக்குள் # வந்தால், அந்த எடிட்டர் அதை எடுத்துவிட்டு, முன்பு திறந்திருந்த ஃபைலின் பெயரை அங்கே வைத்துவிடும். மேற்கோள்குறிக்குள் போட்டாலும் விடாது. முன்னால் ஒரு \ போட்டால்தான் # தப்பிக்கும். தினமும் போடுகிறவள்தான். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்த சென்னைக் கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது என்று, 'சென்னைவேலை' ஃபைலைக் காலையிலிருந்து திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இன்றைக்கு \ போடக் கை மறந்துவிட்டது.

\ இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துத் திருத்திய செய்தியை அனுப்பினாள். போனது போனதுதான். அம்மா போனுக்கும் போயிருக்கும். அம்மா பொன்னழகும் இதே மில்தான். மேனேஜரிடம் கெஞ்சி மகளை ஏசி அறையில் உட்காரவைத்தவள்.

கேட்டில் அம்மா முன்பே நின்றிருந்தாள்.

"பாத்தியாம்மா? அது... என்னமோ மாறிப் போயிருச்சு."

"மத்தவளுக படிச்சிட்டுச் சிரிக்கிறாளுக. பெத்தவளுக்குமா தெரியாது? எப்பப் போகணும்?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கே வெள்ளியாச்சு."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? ஊரு போய்ச் சேந்த பெறகா?"

"சொன்னா, போகாதம்ப."

"சொல்லத்தான் செய்வேன். அத ஒரு வாட்டி நின்னு கேக்கக்கூட ஒனக்கு முடியலையா?"

மாற்று பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கூட்டம் முண்டியது. அம்மா முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"யாருக்கு எடம் போட்டு வச்சிருக்க, பொன்னழகு?" என்றாள் பின்னால் வந்த டெய்சி. "இல்ல, நான் உக்காரட்டுமா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. படியில் கம்பியைப் பிடித்தபடி கௌசல்யா பார்த்தாள். அம்மாவின் கை பையின் மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்திப் பிடிக்கவும் இல்லை.