எண்ணெய்க்கு அடியில்

மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெயில் முக்கி, மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டிக்குள் அடுக்கிய எஃகு துருப்பிடிக்கக் கூடாது. துருவுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும். இரண்டையும் தள்ளி நிறுத்தத்தான் எண்ணெய். ஆனாலும் பாலாநகரில் அந்த பேரிங் தொழிற்சாலையிலிருந்து போன பெட்டிகள், மழை பிடித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிரித்தால் எண்ணெய் போட்டது போட்டபடி இருந்தது. அதற்கு அடியில், கண்ணாடிபோல மெருகேற்றிய பேரிங் வளையத்தின்மேல், பழுப்பாகத் துரு. கண்டபடி பரவிய துருவும் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வரிவரியாக வளைந்து நடுவில் சுழித்திருந்தது. மனிதக் கட்டைவிரலின் ரேகை.

அது யாருடைய விரல் என்று மெட்டில்டாவுக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியவில்லை. வளையத்தை அளப்பது அவள் வேலை. அளந்த பிறகு அது பக்கத்து மேஜைக்குப் போகும். அங்கே தாயம்மாள் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் மூன்று முறை அலசி, எண்ணெயில் முக்கி, தாளில் சுற்றுவாள். மூன்று முறை அலசிய பிறகும் ஒரு விரல் எங்கே ஒளிந்திருக்கும்?

மெட்டில்டாவின் உள்ளங்கை பிறந்ததிலிருந்தே வேர்த்தது. வேர்த்தது என்றால் ஈரம் கசிந்தது என்று பொருள் இல்லை. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனியில் துளி திரளும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போது கைக்கு அடியில் மையொற்றும் தாள் வைத்துக்கொள்வாள்; தாள் நனைந்ததும் திருப்பிப் போடுவாள். பஸ் டிக்கெட் கையில் கூழாகிவிடும் என்று அதைக் கடிகார வாருக்குள் செருகிவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டுவாள். கர்வக்காரி என்று பேர் வந்தது. அந்தப் பேர் பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

அளக்கும் அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். மனிதர்களுக்காக இல்லை, சூட்டில் எஃகு நீளும், நீண்டால் அளவு பொய்யாகும். அந்த வேலை கிடைத்தபோது அவள் அம்மா ஆக்னஸ், "குளிர் ரூம்டி! இனி உன் கை எதுக்கு வேர்க்கப் போவுது?" என்று முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் பண்ணினாள். ஆனால் உள்ளங்கை கேட்பது வெயிலின் பேச்சை இல்லை. முதுகும் நெற்றியும் சூட்டுக்கு வேர்க்கும். உள்ளங்கையும் பாதமும் மனசுக்கு வேர்க்கும். பயந்தால் வேர்க்கும். வேர்த்துவிடுமோ என்று பயந்தால் இன்னும் வேர்க்கும். வெளியே கோடை கொளுத்தும்போது அந்தக் குளிரில் அவள் மடியில் ஒரு துவாலை நனைந்துகொண்டிருந்தது.

ஃபோர்மேன் புருஷோத்தமன் வேலூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாதவர். திரும்பி வந்த வளையங்களை மேஜையில் கொட்டிவிட்டு, "இது யார் கைன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய காரியமில்ல. மசி தடவி எல்லார் விரலையும் ஒத்தி எடுத்தா முடிஞ்சுது. அந்த நெலைமைக்கு என்னைக் கொண்டு போகாதீங்க. யார் கையோ, அவங்களுக்கு இங்க வேலை இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

மெட்டில்டாவுக்குத் தகுதிகாண் காலம் அந்த மழைக்காலக் கடைசியில் முடிகிறது. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மெட்டுகூடாவில் ஒற்றை அறையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். இந்த வேலை போனால் அடுத்த வேலையிலும் இதே கைதான் கூட வரும்.

"என்ன கண்ணு, முசி ஆறு வத்தினாலும் உன் கை வத்தாது போலிருக்கே?" என்றாள் தாயம்மாள், சாப்பாட்டு நேரத்தில்.

மெட்டில்டா வெடுக்கென்று கையை மடியில் மறைத்தாள்.

"மறைக்காத. பக்கத்து மேஜையில உக்காந்திருக்கேன், எனக்குக் கண்ணு இல்லையா? நீ குடுக்கிற வளையத்தை நான் ஒரு அலசு கூடத்தான் அலசுறேன்."

தாயம்மாள் நிரந்தர வேலைக்காரி இல்லை, தினக்கூலி. புருஷன் அதே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எடுபிடிக் கலாசியாக இருந்து செத்தவன். வளையம் சுற்றுவது போக, பிரிவு முழுவதற்கும் கேத்தலில் டீ கொண்டுவந்து ஊற்றுவதும் அவள்தான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்றதுக்கு எனக்கு வேற வேலையில்ல பாரு. ஒண்ணு செய். டீத்தூளைக் கெட்டியா டிகாஷன் போட்டு, ஆறினதும் காலையில கொஞ்ச நேரம் கையை ஊற வை. எங்க வீட்டுக்காரருக்குக் கால் வேர்த்து நாறும். நான் அப்படித்தான் நிறுத்தினேன்."

மெட்டில்டா செய்தாள். ஆக்னஸ் முணுமுணுத்தாள்: "டீத்தூள் விக்கிற விலைக்குக் கையைக் கழுவுறா பாரு!" ஆனால் வைத்தியம் கேட்டது. டீயில் உள்ள துவர்ப்பு தோலை இறுக்கும். பாக்கு மென்றால் நாக்கு இறுகுகிறதே, அதுபோல. இறுகிய தோலில் வியர்வைத் துவாரங்கள் சில மணி நேரத்துக்கு அடைபடும். உள்ளங்கை மருதாணி வெளுத்த நிறத்துக்கு வந்தது. பதினோரு மணி வரை துவாலை நனையவில்லை. தன் விரலும் விரலும் உரசும்போது வரும் சத்தத்தை அவள் அந்த வாரம்தான் முதல்முறை கேட்டாள்.

அடுத்து திரும்பிய பெட்டியில் பழுப்புக் கறையோடு கறுப்புக் கறையும் இருந்தது.

அவள் யோசிக்காதது ஒன்று. டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயையும், இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுத்து மை காய்ச்சியது இதே வித்தைதான். மதியத்துக்குமேல் கை மறுபடி கசியத் தொடங்க, தோலில் ஊறிய துவர்ப்பும் வியர்வையோடு இறங்கி, வளையத்தின்மேல் மெல்ல மையாகியிருந்தது. ரேகைகூட இல்லை. திட்டுத் திட்டாகக் கறுப்பு.

புருஷோத்தமன் ஒரு வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறையை நகத்தால் சுரண்டினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். தாயம்மாள் தாள் சுற்றும் மேஜைக்குக் கீழே, சுவரோரம், டீ கேத்தல் இருந்தது.

"இது டீக் கறை" என்றார். "தாயம்மா, கேத்தலை இங்க கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"வாசல்லதான் சார் வைப்பேன். இன்னிக்கு மழைன்னு உள்ள வெச்சேன்."

"டீ ஊத்தின கையோட வளையத்தைத் தொடுறது. அப்புறம் மண்ணெண்ணெயும் எண்ணெயும் என்ன பண்ணும்?"

"கையைக் கழுவிட்டுத்தான் சார்…"

"இத்தனை பெட்டி திரும்பி வந்திருக்கு. கழுவினேங்கிறியே!"

தாயம்மாள் மெட்டில்டாவைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை. நீ பேசப் போகிறாய் என்று நம்பிக் காத்திருக்கும் பார்வை. மெட்டில்டாவின் கையில் பென்சில் இருந்தது. அது ஈரத்தில் வழுக்கி மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து அதைத் தேடினாள். நிமிரும்போது தாயம்மாள் கழுத்தில் மாட்டியிருந்த கேட் பாஸைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள். தினக்கூலியை நிறுத்த அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

மெட்டில்டா டீயை அன்றே நிறுத்தினாள். கறுப்பு நின்றது. பழுப்பு ரேகை நிற்கவில்லை. சுற்றும் மேஜைக்குப் புதிதாக வந்த பெண்ணும் மூன்று முறைதான் அலசினாள். திரும்பிவந்த அடுத்த பெட்டியைப் புருஷோத்தமன் நெடுநேரம் பார்த்தார். ஸ்டோர் மேஜையில் ஒரு மசித்தட்டு வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் காலை ஆக்னஸ் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றக் கண்ணாடித் தம்ளரில் எடுத்துவைத்திருந்தாள். ரசத்துக்கு அள்ளிய உப்பில் நாலு கல் சிதறி அதற்குள் விழுந்தது.

"நாசமாப் போச்சு. உப்போட ஊத்தினா திரி அடைச்சுக்கும்."

"இருக்கட்டும்மா, கரைஞ்சிடும்."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது தம்ளர் ஓரமாக இருந்தது. உப்புக்கல் நாலும் அடியில் அப்படியே, விழுந்தபோது இருந்த முனை மழுங்காமல் கிடந்தன. மெட்டில்டா ஸ்பூனால் கலக்கினாள். சுழன்றன, மறுபடி போய் உட்கார்ந்தன. கரையவில்லை.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வியர்வை தண்ணீர் மட்டும் இல்லை, உப்புத் தண்ணீர். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு ரேகையின் வடிவத்திலேயே எஃகில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், பிசுக்கைக் கரைக்கும், உப்பைத் தொடாது. மூன்று முறை இல்லை, முப்பது முறை அலசினாலும் உப்பு இருந்த இடத்தில் இருக்கும். அதன்மேல் எண்ணெய். எண்ணெய்ப் படலம் எவ்வளவு கெட்டியானாலும் மழைக்கால ஈரம் துளித்துளியாக அதில் ஊடுருவும். உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு எஃகைத் தின்னும். எண்ணெய் ஒழுங்காகத்தான் காவல் காத்தது. ஆனால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காவல் காத்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பா ஷேவிங் பிளேடு பாக்கெட் எங்க?"

"ஐயோ, பிளேடு எதுக்குடி? நக்கோ, வேணாம்! அதெல்லாம் தொடாத!"

"அறுத்துக்க இல்லம்மா. குடு."

பழைய இரும்பு பிளேடுகள் மூன்று எடுத்தாள். இரண்டில் கட்டைவிரலை அழுத்தினாள். ஒன்றை மண்ணெண்ணெயில் அலசி, தையல் மிஷின் எண்ணெய் தடவினாள். இன்னொன்றைத் தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய் தடவினாள். மூன்றாவதை விரல் படாமல் ஓரத்தில் பிடித்து மண்ணெண்ணெயில் அலசி எண்ணெய் தடவினாள். மூன்றையும் மழைச்சாரல் படும் ஜன்னலில் வைத்தாள். நாலைந்து நாளில் முதல் பிளேடில் அவள் கட்டைவிரல் பழுப்பாக எழுந்து நின்றது. மூன்றாவது சுத்தம். இரண்டாவதில் ரேகை இல்லை, ஆனால் நடுத்துளையின் விளிம்பில், துணி நுழையாத இடத்தில், புள்ளி புள்ளியாகத் துரு. தண்ணீர் உப்பைக் கொண்டுபோயிருந்தது. காயாமல் தங்கிய தண்ணீர் தானே துருவை உண்டாக்கியிருந்தது. அதற்குமேல் அவளுக்கு வழி தெரியவில்லை.

மூன்று பிளேடையும் தாளில் மடித்துக்கொண்டுபோய்ப் புருஷோத்தமன் மேஜையில் வைத்தாள்.

"இது என் விரல் சார். அதுவும் என் விரல்தான்" என்று வளையப் பெட்டியைக் காட்டினாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் கையை நீட்டியிருந்தாள். உள்ளங்கைக் குழியில் நீர் தேங்கி மணிக்கட்டுப் பக்கம் வழிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"பொறந்ததிலிருந்து."

"அந்தக் கறுப்பு?"

"கை வேர்க்காம இருக்கட்டும்னு டீத்தண்ணியில ஊறவெச்சேன். கேத்தல்ல இருந்து வந்த கறை இல்ல சார். தாயம்மா அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். உப்பைப் பற்றி அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்துபோய் அளவுக் கட்டைகளைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவந்தார்.

"தண்ணி உப்பைக் கரைக்கும், ஆனா சீக்கிரம் காயாது. ஸ்பிரிட் சீக்கிரம் காயும், ஆனா தனியா உப்பைச் சரியாக் கரைக்காது. ரெண்டையும் கலந்து பார்ப்போம்" என்றார்.

பார்த்தார்கள். அப்படிக் கழுவி அனுப்பியதில் ஒரு பெட்டியும் அந்த மழையில் திரும்பி வரவில்லை.

"தாயம்மா அக்காவைக் கூப்பிடுங்க சார்" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். முதல்முறை அவர் கேட்காததுபோல இருந்தார்.

"கூப்பிட்டா, ஏன் நிறுத்தினேன்னு நான் மேல பதில் சொல்லணும். உன் கையைச் சொல்லணும். சொல்லட்டுமா?" என்றார் இரண்டாம் முறை.

மெட்டில்டா வாயைத் திறந்தாள். நிரந்தர உத்தரவு அன்று காலைதான் வந்திருந்தது. அவள் திரும்பித் தன் மேஜைக்கு நடந்தாள். அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரயில்வே காலனியில் தாயம்மாளின் வீட்டுக்குப் போனாள். தாயம்மாள் வாசலில் யார் வீட்டுப் பாத்திரங்களையோ துலக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் அப்பிய கையை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டேங்கா. என் கைதான்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

மெட்டில்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பென்சில் கிடைச்சுதா கண்ணு?" என்றாள் தாயம்மாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "போ. மழை வருது."

வளையத்தை அளக்கும் இடத்திலிருந்து மெட்டில்டாவை மாற்றிவிட்டார்கள். அவள் இப்போது கழுவும் தட்டின் முன்னால் இருந்தாள். ஸ்பிரிட் கைத்தோலை உரித்து, நகக்கண்களில் வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் வியர்வை இறங்கி எரிந்தது. கை வேர்ப்பது நிற்கவில்லை. நிற்கும் என்று அவளும் காத்திருக்கவில்லை. வேலை இப்படித்தான் நடந்தது: அளந்த வளையத்தை முதலில் கொஞ்சம் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் அலச வேண்டும், வியர்வையின் உப்பு அதில் போய்விடும். இடுக்கியால் எடுத்து உலரவிட்டு மண்ணெண்ணெயில் அலச வேண்டும். பிசுக்கு அதில் போய்விடும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். அதன்பின் வெறுங்கை படக் கூடாது. முன்னால் எந்தக் கை பட்டிருந்தாலும் துரு வராது.