மாத்திரையில் ஒரு பங்கு

குப்பம்மா பொய் சொல்கிறாள் என்பது சாண்ட்ராவுக்குத் தெரிந்துவிட்டது. எதில் பொய் என்பதுதான் பிடிபடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான புது மாத்திரையை ராயபுரத்து மருத்துவமனை ஒன்றில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வுக்கு சாண்ட்ரா நர்ஸ். திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன் விற்கும் குப்பம்மாவுக்கு முதல் ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. இப்போது மறுபடி வளர்கிறது. ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு மருந்து இல்லை. காலி அட்டைகள் மட்டும் ஒன்று விடாமல் வந்து சேர்கின்றன.

"மாத்திரைய தெனமும் போட்டியா?"

"அட்டதான் காலியா கீதே சிஸ்டர், அப்பால இன்னா?"

சாண்ட்ராவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவர்களோடு மல்லுக்கட்டியே ஆயுசு போய்விடும். ஒருத்தி நாட்டு மருந்தையும் சேர்த்துக் குடிப்பாள், இன்னொருத்தி ஆடிக்கூழ் ஊற்றுகிறோம் என்று வரவே மாட்டாள். கேட்டால் சிரிப்பு வேறு.

அப்போது ஞானசெல்வி உள்ளே வந்தாள். மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கியிருந்தன. மீன் சந்தையில் குப்பம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி. அவளுக்கும் இதே நோய். பழைய ஊசி மருந்தில் அவள் இதயம் பலவீனமாகியிருந்தது. இந்த மாத்திரை அதை இன்னும் கெடுக்கும் என்பதால் ஆய்வில் சேர்க்காமல் அவளைத் திருப்பி அனுப்பியதே சாண்ட்ராதான்.

"கீழயே குந்திக்கினு இருன்னு சொன்னேன்ல?" என்று குப்பம்மா பதறினாள்.

"மூச்சு முட்டுதுடி. சிஸ்டர், நீ இவகிட்ட குட்த்தனுப்பற மாத்திரயப் போட்டா இப்டித்தான் ஆவுமா?"

சாண்ட்ரா டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திவிட்டு, ஞானசெல்வியைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்தாள். பிறகு குப்பம்மாவின் பக்கம் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்கும் ராயபுரத்து வாய் வந்துவிடும்.

"அறிவு கீதா உனுக்கு? அவ உசுரு போயிருந்தா?"

"ஒரு நா நான், ஒரு நா அவ. ஒடம்பு முடியாம கடலுக்குப் போவாதவனுக்கும் எங்க குப்பத்துல ஒரு பங்கு எட்த்து வெப்போம் சிஸ்டர். இத்த மட்டும் நானே எப்டி முழுங்கறது?"

"இது இன்னா வஞ்சிரமா, கூறு போட?"

ஞானசெல்வி திரைக்குப் பின்னாலிருந்து அழுதாள். "ஆஸ்பத்திரில எனுக்குன்னு குட்த்தாங்கன்னு சொன்னியேடி பாவி! உன்னுதயா குட்த்த?"

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஞானசெல்விக்கு இதயப் பிரிவில் படுக்கை கேட்டார். குப்பம்மாவை ஆய்விலிருந்து நீக்காமல் விடச் சொல்லி மேலே பேசிப் பார்ப்பதாகவும், அதற்கு அவள் இனி ஒழுங்காகச் சாப்பிடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிப் போனார். அந்த வாக்கை வாங்கும் வேலையும் சாண்ட்ராவின் தலையில்தான் விழுந்தது.

"இனிமே தெனமும் நீயே போட்டுப்பியா?"

"அவளுக்கு இன்னா குடுப்பீங்க? அத்த மொதல்ல சொல்லு."

"அவளயும் சேக்க முடிஞ்சா சேத்துக்கமாட்டோமா? அவளுக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல குப்பம்மா!"

கத்திய பிறகுதான் சாண்ட்ராவுக்குத் திரை நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அழுகை நின்றிருந்தது.

"நீயே போட்டுக்கடி," என்றாள் ஞானசெல்வி.