வெட்டி எறிந்த பதினோரு நிமிடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். இருமல், தும்மல், ‘ம்ம்’, ‘வந்து’ எது வந்தாலும் கணினியில் நறுக்கித் தள்ளிவிடுவாள். இருபது வருட சர்வீஸ். அவள் கையில் சிக்கினால் முழுக் கொட்டாவிகூட அரைக் கொட்டாவியாகத்தான் வெளியே வரும்.

பார்வையற்றோர் இல்லத்துக்காக வேதத்தைப் பதிவு செய்யும் வேலை வந்தது. வாசித்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது எழுபத்தாறு. குரல் மட்டும் இன்னும் கணீரென்று இருந்தது. அடுத்த வாரம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு இந்தக் குரல் இருக்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதனால்தான் அவசரமாக வந்து, பெரியவர்களின் அனுபவத்தை மதிக்கச் சொல்லும் பகுதியை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே குறை, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்திவிட்டார். பாவம், மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டாள் கத்தரி. ‘எதுக்கய்யா இப்படி நிறுத்துறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நாற்பது நிமிடத்தை வெட்டி இருபத்தொன்பது ஆக்கினாள். பெரியவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு. வழக்கம்போல மூலப் பதிவை அன்றே அழித்தும் விட்டாள்.

இரண்டாம் நாள் இல்லத்தின் ஆசிரியை போன் செய்தார். அவருக்கும் பார்வை கிடையாது.

“ஏம்மா, எங்க கண்டக்டர் ஐயாவை யாராவது துரத்துனாங்களா?”

“இல்லையே, ஏங்க?”

“ஒரு வரியைக் கேட்டு, திருப்பிச் சொல்லித்தான் நாங்க மனப்பாடம் பண்ணுவோம். நேர்ல வந்து வாசிக்கும்போது எங்களுக்காக நிறுத்துவாரு. இதுல வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது.”

கத்தரிக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவரை மதி என்று சொல்லும் பகுதியிலேயே போய்க் கை வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். பெரியவர் கோபப்படவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என் வீட்டுக்காரிக்குக் கண்ணு தெரியாதும்மா. முப்பது வருஷம் நான்தான் அவளுக்கு வாசிச்சேன். ஒரு வரி வாசிச்சா, அவ ஒரு தரம் சொல்லிப் பாப்பா. நான் அவசரப்பட்டா, ‘ஆளு ஏறி முடிக்கல, அதுக்குள்ள விசில் ஊதிட்டீங்களா’ம்பா. அவ போயி நாலு வருஷமாச்சு. அந்தப் பழக்கம் மட்டும் போகல.”

“மன்னிச்சிருங்கய்யா. மறுபடி வாசிக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரல. டாக்டர் பேசக் கூடாதுன்னு...”

“ஊர்க்கதை பேசாதேன்னுதான் சொன்னாரு. வாசிக்காதேன்னு சொல்லலையே.” சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இவள். முதல் வரியை வாசித்துவிட்டு நிறுத்தினார். எந்தச் சத்தமும் இல்லை. நேற்றுவரை இதைத்தான் அவள் குப்பை என்று நினைத்திருந்தாள். இன்று அவளையும் அறியாமல் உதடுகள் அந்த வரியைச் சொல்ல ஆரம்பித்தன. நடுவில் ஒரு சொல் மறந்து தடுமாறினாள்.

பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு விசில் ஊதுவதுபோல உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

இந்தத் தடவை நாற்பத்தொரு நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் இருமியிருந்தார். அந்த இருமலையும் கத்தரி வெட்டவில்லை.