அரை டம்ளர் தண்ணீர்

அமிர்தலிங்கம் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறார். அங்கே சட்டம் கறார்: சுகருக்கு ஊசி போடும் நிலைக்கு வந்துவிட்டால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். அந்த நிலை வராமல் தடுக்கத்தான் பெரம்பலூர் டாக்டரம்மா புது மாத்திரை எழுதினார். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று அவர் சொன்னதுமே அமிர்தலிங்கத்தின் மனைவி மணிமொழிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீதியைக் காதிலேயே வாங்கவில்லை.

சுகருக்கென்று தினமும் வெந்தயம் ஊறவைக்கிறவள் அவள். அதுவும் வெறும் வயிறு, இதுவும் வெறும் வயிறு. அப்புறம் என்ன? ஒரு சொம்பு வெந்தயத் தண்ணீரோடு மாத்திரையையும் விழுங்க வைத்தாள். மகா கெட்டிக்காரி!

மூன்று மாதமாகியும் சுகர் அசையவில்லை. மனுஷன் பாடாலூரில் வண்டியை நிறுத்தி புரோட்டா தின்கிறார் என்று மணிமொழி முடிவே கட்டிவிட்டாள். அவர் செட்டிகுளம் முருகன்மேல் சத்தியம் செய்தும் நம்பவில்லை. டாக்டரம்மாவிடமும் அதையே போட்டுக்கொடுத்தாள். அமிர்தலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசி எழுதப்போன டாக்டரம்மா, எதற்கும் இருக்கட்டுமென்று மாத்திரையை எப்படிப் போடுகிறார் என்று கேட்டார். மணிமொழி பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"இந்த மருந்து புரதம் மாதிரிம்மா. வயிறு இதையும் சோறுன்னு நெனச்சு செரிச்சிடும். செரிக்காம ரத்தத்துல சேர்க்கறதுக்குன்னே மாத்திரையில ஒரு துணை மருந்து வெச்சிருக்காங்க. அரை டம்ளர் வெறும் தண்ணியோட முழுங்கிட்டு, அரை மணி நேரம் வேற எதையும் தொடாம இருந்தாத்தான் அது வேலை செய்யும். நீங்க மூணு மாச மருந்தையும் வீணாக்கிட்டீங்க."

இன்னொரு மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஊசியைத் தள்ளிவைத்தார்.

அரியலூர் பஸ்ஸில் புருஷன் திட்டுவார் என்று மணிமொழி காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வண்டி போயிருந்தாக்கூடப் பரவால்ல," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "சாமி மேல சத்தியம் பண்ணியும் நம்பலையே நீ."

மணிமொழிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

மறுநாளிலிருந்து அரை டம்ளர்தான். அடுத்த பரிசோதனையில் சுகர் நன்றாக இறங்கியிருந்தது, வண்டி தப்பித்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, புரோட்டாவை நிறுத்திவிட்டாரா என்று கேட்டார்.

அமிர்தலிங்கம் வாயெடுப்பதற்குள் மணிமொழி முந்திக்கொண்டாள்.

"அவரு எப்பவுமே திங்கலீங்க. நாந்தான் பொய் சொன்னேன்."