இரண்டு சுவர், ஓர் இரைச்சல்

என் வீட்டுக்காரர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் கொடுத்தால் சந்தையின் அந்தக் கோடியில் பேரம் பேசுகிறவர்கூட வாயை மூடிக்கொள்வார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்து, கத்தி பட்டு, இப்போது குரல் நூலாகிக் கிடக்கிறது.

கத்தவே கூடாது என்று குரல் பயிற்சி தரும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிவியில் பயிற்சிப் பாடத்தைப் போட்டு, மைக்கில் மெதுவாகத் திருப்பிச் சொல்லி, தன் குரலை ஸ்பீக்கரில் தானே கேட்க வேண்டும். கேட்கக் கேட்கத்தான் நம்பிக்கை வருமாம். ஏலத்தை மைக்கில் கூறினாலும் போதும், இடம் இவருக்குத்தான் என்று சந்தைக்காரர்களும் காத்திருந்தார்கள்.

ஆனால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது பேச ஆரம்பித்துவிடும். அதை ஜெயிக்கப் பார்த்துக் கத்துவார்; தொண்டை எரியும்; முகம் சுண்டிப்போகும். நேற்று மைக்கைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். இந்த மனுஷன் பேசுவதையே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கும் என் தம்பியை வரச்சொன்னேன். அவன் சும்மா வருவானா? கரண்டைச் சுத்தம் பண்ணித் தருமாம், அப்படியொரு கருப்புப் பெட்டியைப் போட்டுப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடையிலிருந்து தூக்கிவந்தான். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயரை அதில் செருகினான். நீல விளக்கு ஜோராக எரிந்தது. இரைச்சல் இம்மியும் குறையவில்லை. இதைவிடப் பெரிய பெட்டியும் இருக்கிறது என்று இழுத்தான். வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? எதிர்ச் சுவரில் இருந்த டிவி பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கினேன்.

இரைச்சல் நின்றது.

டிவி அந்தச் சுவரில், ஆம்ப்ளிஃபயர் இந்தச் சுவரில் என்று பிரித்து வைத்தவர் இவர்தான். போன மழையில் இடி விழுந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இருந்த பழைய டிவியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே புகைந்தன. இனி இரண்டையும் ஒன்றாக வைக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார்.

தம்பி தலையைச் சொறிந்தான். இரண்டு சுவருக்கும் எர்த் கம்பி தனித்தனி வழியில் போகிறது, நடுவில் டிவிச் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் ஒயர் இரண்டையும் இணைக்கிறது, அதில் சுற்றிவரும் கரண்ட்தான் இப்படி இரைகிறது என்றான். மீட்டரை வைத்துப் பார்த்தான். வோல்டேஜ் ஏறி இறங்கவில்லை, அதனால் ஸ்டெபிலைசரும் வேண்டாம்; டிவியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஸ்பைக் கார்டில் செருகினால் போதும் என்று, வரிசையாகச் சாக்கெட் வைத்த பட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான்.

இவர் மறுத்துத் தலையாட்டினார். குரல் காற்றாக வந்தது. “மறுபடி ரெண்டும் ஒண்ணா போயிடும்.”

“அப்ப இருந்தது வெறும் பலகை மாமா,” என்றான் தம்பி. “இது திடீர்னு எகிறி வர்ற கரண்ட்டைத் தானே வாங்கிக்கும். எர்த் சரியா இருக்கான்னு இந்தப் பச்சை லைட் காட்டும்.”

“வானம் இருட்டினாலே நான் வந்து பிடுங்கிடறேன்,” என்றேன். “பிடுங்கறதுல நான் எப்படின்னு இப்பதானே பாத்தீங்க?”

சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். சரி என்று கையைக் காட்டினார்.

தம்பி இரண்டு பிளக்கையும் அதில் செருகினான். பச்சை விளக்கு வந்தது. ஸ்பீக்கரில் மூச்சுப்பேச்சில்லை. ஸ்பீக்கரே போய்விட்டதோ என்று பயந்து, அலமாரியிலிருந்து மைக்கை எடுத்துவந்து மாட்டித் தட்டிப் பார்த்தேன். ‘டொக்’ என்றது.

அவர் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பாடத்தைப் போடச் சொல்லவில்லை. தரையில் கிடந்த கருப்புப் பெட்டியைப் பார்த்தார்.

“கருப்புப் பெட்டி. நல்ல கனம். ஒண்ணுத்துக்கும் உதவாது.” மெல்லிய குரல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அறை முழுக்கக் கேட்டது. “ஒரு தரம்.”

தன் குரல் காதில் விழுந்ததும் ஒரு கணம் நின்றார்.

“ரெண்டு தரம்.”

மூன்றாவதுக்கு மூச்சு வாங்கியது. முடித்துவைக்கத் தம்பி வாயைத் திறந்தான். அவன் கையைக் கிள்ளினேன். ஏலத்தை முடிக்க வேண்டியவர் அவர்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காத்திருந்தோம்.

“மூணு தரம்,” என்றார், கத்தாமல்.